இல்லத்துக்கும் ஒரு திருமஞ்சனம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதக் கடைசியில் என் தமக்கையார் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 78. கணவர் மறைந்தபின் மயிலாடுதுறையில் ஒரு வாடகை வீட்டில் தனியாகவே வாழ்ந்துவந்தார். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்தபோது அவன் ஊர் திரும்ப நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. அதற்குள் வீட்டைக் காலி செய்து, சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இருந்தவை நான்கு அறைகள். நிறைந்திருந்தவை நாற்பது ஆண்டுப் பொருள்கள். பாத்திரங்கள், புடவைகள், பழைய மருந்துகள், பால் கணக்கு நோட்டுகள் என எல்லாவற்றையும் ஒருவாறு பிரித்துவிட்டோம். பூஜையறைக்கு வந்தபோதுதான் கை நின்றது. மூன்று சுவர்களிலும் அலமாரியிலும் தரையிலுமாக எண்பதுக்கு மேற்பட்ட சுவாமி படங்கள் இருந்தன. கடைகளில் கொடுத்த காலண்டர் படங்கள், யாத்திரை சென்ற தலங்களில் வாங்கிய படங்கள், பிறர் வீடு மாறும்போது கொடுத்துச் சென்ற படங்கள். சில கண்ணாடி உடைந்தவை, சில செல்லரித்தவை.

“மாமா, இதில் அம்மா தினமும் பூஜை செய்தது எது?” என்று கேட்டான் என் மருமகன்.

எனக்குத் தெரியவில்லை. உடன்பிறந்த எனக்கும் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்கும் தெரியவில்லை. குலதெய்வப் படத்தையும் என் பெற்றோர் வைத்திருந்த முருகன் படத்தையும் அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டோம். எஞ்சியவற்றை நான்கு கோணிப்பைகளில் கட்டி, அருகிலிருந்த ஆலயத்து அரசமரத்தடியில் வைத்துவிடலாம் என்று ஆட்டோவில் ஏற்றினோம். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். “அக்கா அபிஷேகம் செய்யும் வேலைப் பத்திரமாக எடுத்துவிட்டீர்கள் அல்லவா?” என்று கேட்டார்.

எந்த வேல்? விரல் நீளமுள்ள ஒரு செப்பு வேல். ஒவ்வொரு நாளும் அதற்குப் பால் வார்த்து, துடைத்து, ஒரு பட்டுத் துணியில் சுற்றிப் படங்களுக்குப் பின்னால் வைத்துவிடுவாராம். ஆட்டோவை நிறுத்தி, நான்கு பைகளையும் தெருவிலேயே அவிழ்த்தோம். மூன்றாவது பையில், உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையில், அந்தப் பட்டுத் துணி முடிச்சுக் கிடைத்தது. என் மருமகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே அமர்ந்து அழுதான்.

அன்று மாலை இன்னொன்றும் கிடைத்தது. உளுத்தம்பருப்பு டப்பாவின் அடியில் ஓர் உறை. மேலே தமக்கையாரின் கையெழுத்தில் ‘பழநி அன்னதானம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பழைய ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஒன்பது. 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 30 வரை வங்கியில் செலுத்த அவகாசம் தரப்பட்ட அதே தாள்கள். அந்த நாள்களில் வங்கியில் அமர்ந்து, வரிசையில் நின்ற முதியோர்களுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான். என் சொந்தத் தமக்கையாரின் பணம் மட்டும் பருப்பு டப்பாவில் உறங்கிவிட்டது. எங்கே வைத்தோம் என்பதையே அவர் மறந்திருக்க வேண்டும். முருகனுக்கு நேர்ந்த பணம் முருகனிடம் சேரவில்லை.

அந்த வீட்டில் தெய்வமும் இருந்தது, தர்ம சிந்தையும் இருந்தது. இரண்டையும் பொருள்களின் குவியல் மூடிவிட்டது. ஊர் திரும்பும் ரயிலில் நான் என் தமக்கையாரைப் பற்றி எண்ணவில்லை. என் வீட்டைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தேன்.

திருவலகும் உழவாரமும்

வீட்டைத் தூய்மை செய்வதை நாம் பெரும்பாலும் ஒரு வேலையாகவே கருதுகிறோம். நம் சமய மரபு அதனை வழிபாடாகவே கருதியிருக்கிறது. திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் செய்த தொண்டு என்ன? பொழுது புலருமுன் எழுந்து ஆலயத்தைத் திருவலகிட்டுப் பெருக்குவதும், சாணத்தால் மெழுகுவதும், மலர் பறித்து மாலை தொடுப்பதும்தான். சூலை நோயால் வருந்தி வந்த தம்பியை அவர் திருநீறு அளித்து அழைத்துச் சென்றதும் அந்தத் தொண்டு நிகழும் வேளையிலேதான். அந்தத் தம்பியே பின்னாளில் திருநாவுக்கரசராகி, கையில் உழவாரம் ஏந்தித் தலந்தோறும் புல் செதுக்கினார்.

திருப்புகலூரில் நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். அப்பர் பெருமான் உழவாரப் பணி செய்த இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் தோன்றும்படி இறைவன் செய்தானாம். பெருமானோ அவற்றைக் கல்லோடும் புல்லோடும் ஒன்றாகவே கண்டார். உழவாரத்தாலேயே வாரி எடுத்து, அருகிலிருந்த தாமரைக் குளத்தில் எறிந்தார்.

சிறு வயதில் இந்த வரலாற்றைக் கேட்டபோது, பொன்னை ஏன் எறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. இப்போது புரிகிறது. அவருக்கு அங்கே வேண்டியது அடியார் நடக்க ஒரு தூய வழி. அந்த வழியை மறைப்பது புல்லானால் என்ன, பொன்னானால் என்ன? நம் வீட்டு நடையில் கால் இடறுவது பழைய செய்தித்தாள் கட்டானாலும், பாட்டி தந்த பித்தளை அண்டாவானாலும், இடறல் ஒன்றுதான்.

பதஞ்சலி முனிவர் யோகத்தின் முதல் இரு அங்கங்களாக இயமத்தையும் நியமத்தையும் வைத்தார். இயமம் ஐந்தில் ஒன்று அபரிக்கிரகம். தேவைக்கு மேல் சேர்க்காதிருத்தல். நியமம் ஐந்தில் முதலாவது சௌசம், தூய்மை. ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் இவற்றுக்குப் பின்னரே வருகின்றன. முழங்கால் வலியால் ஆசனம் செய்ய இயலாத நம் போன்றோரும், இந்த இரண்டையும் வீட்டு அலமாரியிலிருந்தே தொடங்கலாம்.

திருமலை காட்டும் முறை

எப்படித் தொடங்குவது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது திருமலையில். அங்கே ஆண்டுக்கு நான்கு முறை ‘கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்’ நடைபெறும். யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், வருடாந்திர பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்கிற்கும் முன்பாக, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையில் நிகழ்வது இது. மூலவரைத் துணியால் மூடிவிட்டு, மற்ற திருமேனிகளையும் பூஜைப் பாத்திரங்களையும் வெளியே கொணர்வார்கள். பிறகு கருவறை முதல் சுவர், விதானம், தூண்கள் வரை நீரால் கழுவுவார்கள். கற்பூரம், சந்தனம், மஞ்சள், குங்குமம், கிச்சிலிக் கிழங்கு முதலியன சேர்ந்த நறுமணக் கலவையைப் பூசுவார்கள். அதன்பின் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மீண்டும் வைத்து, பூஜையும் நிவேதனமும் செய்தபின்னரே தரிசனம்.

இதில் மூன்று படிகள் உள்ளன: எல்லாவற்றையும் வெளியே எடுத்தல், இடத்தைத் தூய்மை செய்தல், உரியதை உரிய இடத்தில் மீண்டும் வைத்தல். நாம் வீட்டில் செய்வது இதற்கு நேர்மாறு. பொருளை அங்கேயே வைத்துக்கொண்டு அதைச் சுற்றித் துடைக்கிறோம். வெளியே எடுத்தால்தானே என்ன இருக்கிறது என்று தெரியும்? வெளியே எடுத்த பொருளை மீண்டும் உள்ளே வைக்கும்போதுதானே ‘இது வேண்டுமா?’ என்ற கேள்வி எழும்?

ஆனிவார ஆஸ்தானம் ஆலயத்தின் ஆண்டுக் கணக்கு தொடங்கிய நாள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வங்கியில் 34 ஆண்டுகள் மார்ச் 31 அன்று இரவு வரை கணக்கு முடித்தவன் நான். வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் ஒருமுறையேனும் கணக்கு முடித்ததில்லை.

நானும் என் மனைவியும் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். ஒரு நாளில் ஓர் அலமாரித் தட்டு மட்டும். முழு அறையில் கை வைப்பதில்லை. காலை உணவுக்குப் பின் முக்கால் மணி நேரம். அதற்கு மேல் இல்லை. விளக்கேற்றியபின் குப்பையை வெளியே கொட்டுவது நம் வழக்கமில்லை என்பதால் மாலையில் இந்த வேலை கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் விடுமுறை. ஏணியில் ஏறுவது நம் வேலையன்று. பரணில் இருப்பதை இறக்க ஓர் இளைஞருக்குக் கூலி கொடுத்துவிடுவது. எடுத்த பொருள்களை நான்காகப் பிரிப்பது: நாளும் பயன்படுவது, ஆண்டுக்கொரு முறை பயன்படுவது, பிறருக்குக் கொடுப்பது, கழிப்பது. ஐந்தாவதாக ‘பிறகு பார்க்கலாம்’ என்ற குவியல் மட்டும் கூடாது. அந்தக் குவியல்தான் நாற்பது ஆண்டுகளாக நம் வீட்டில் இருப்பது.

பூஜையறை

தமக்கையாரின் வீட்டை எண்ணி, நாங்கள் முதலில் தொட்டது பூஜையறையைத்தான். எங்களிடம் 43 படங்கள் இருந்தன. அவற்றுள் நாங்கள் பெயர் சொல்லி மலர் சாத்துவது ஒன்பதுக்கு மட்டுமே. மற்றவை இருந்தன, வழிபடப்படவில்லை.

பழுதான படத்தையும் விக்கிரகத்தையும் அகற்றுவது பாவமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆலயங்களின் வழக்கத்தைப் பார்த்தாலே அந்த அச்சம் தீரும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, பழுது நீக்கி, கும்பாபிஷேகம் செய்கிறோம். பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் மரத் திருமேனிகளையே மாற்றும் ‘நவகளேபரம்’ என்ற வைபவம் உண்டு. 1996 ஆம் ஆண்டிலும் அதன்பின் 2015 ஆம் ஆண்டிலும் அது நடந்தது. பழைய திருமேனிகளை ஆலய வளாகத்துக்குள்ளேயே கோயிலி வைகுண்டம் என்னும் இடத்தில் மண்ணுக்குள் சேர்ப்பார்கள். உருவம் பழையதாகும்; இறைவன் பழையவன் ஆவதில்லை.

நாங்கள் செய்த முறை இது. படங்களுக்கு ஒரு தீபாராதனை காட்டி வணங்கினோம். பிறகு சட்டத்தையும் கண்ணாடியையும் பிரித்து எடுத்தோம். நல்ல சட்டங்களைப் படம் மாட்டும் கடைக்காரர் பெற்றுக்கொண்டார். செல்லரித்த காகிதப் படங்களைத் தோட்டத்தில், கால் படாத மூலையில் குழி தோண்டி மண்ணில் சேர்த்தோம். பித்தளை விக்கிரகங்களில் பழுதானவற்றைப் பாத்திரக்காரரிடம் கொடுத்து உருக்கி, ஒரு விளக்காக வாங்கிக்கொண்டோம். நல்ல நிலையிலிருந்த படங்களை, புதிதாக வீடு கட்டிய உறவினர்களிடம் கேட்டு, விரும்பியவர்களுக்கு மட்டும் அளித்தோம். குடும்ப வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் மாறும். உங்கள் புரோகிதரையோ குருநாதரையோ கேட்டுச் செய்வது நலம். சாளக்கிராமம் வைத்திருப்போர் சற்றுக் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதற்குப் பின்னம் என்னும் தோஷம் இல்லை என்பது மரபு. ஆனால் நித்திய பூஜை தடைப்படக் கூடாது. தொடர்ந்து செய்ய இயலாதவர்கள், பூஜை தவறாது நடக்கும் மடத்திலோ இல்லத்திலோ முறைப்படி ஒப்படைக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆலயத்து மரத்தடியில் படங்களை வைத்துவிட்டு வராதீர்கள். அன்று எங்கள் நான்கு பைகளை அவிழ்த்தபின் நான் அந்த அரசமரத்தடிக்குச் சென்று பார்த்தேன். மழையில் நனைந்து, கண்ணாடி நொறுங்கி, தெய்வத்தின் முகங்கள் அங்கே மண்ணில் கிடந்தன. பிரதட்சணம் வருவோரின் வெறுங்கால்களுக்கு அந்தச் சில்லுகள்தாம் காத்திருந்தன. நம் வீட்டுக் குவியலைக் கோயிலுக்கு மாற்றுவது சமர்ப்பணம் ஆகாது.

ஒன்பது படங்களுக்கும் பின்புறம் என் மனைவி ஒரு சிறு தாள் ஒட்டினாள். யார் வீட்டிலிருந்து வந்த படம், எந்த நாளில் விசேஷம், என்ன நிவேதனம் என்று மூன்று வரிகள். கொலு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியின் மேல் உள்ளிருப்பவற்றின் பெயர்களை எழுதி வைப்பது அவள் தாயார் வீட்டு வழக்கம். அதையே படங்களுக்கும் செய்தாள். எங்கள் முழு முயற்சியிலும் மிகப் பயனுள்ள செயல் அதுவே என்று நான் கருதுகிறேன்.

அண்டாவும் நசிகேதனும்

சமையலறையில் எங்களுக்குள் சச்சரவு வந்தது. மறைக்க விரும்பவில்லை. என் மாமியார் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா ஒன்று பரணில் இருந்தது. அவர் பெயரும் 1951 என்ற ஆண்டும் விளிம்பில் வெட்டப்பட்டிருந்தன. இருபது ஆண்டுகளாக யாரும் அதை இறக்கியதில்லை. “எடைக்குப் போட்டுவிடலாமே” என்றேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள், “உங்கள் ஆபீஸ் டைரிகள் 31 இருக்கின்றனவே, அவற்றை எடைக்குப் போட்டுவிட்டு வாருங்கள். பிறகு என் அம்மாவின் அண்டாவைப் பற்றிப் பேசலாம்” என்றாள். நான் வாயடைத்து நின்றேன். பிறர் சேர்த்தது குப்பையாகவும் நாம் சேர்த்தது நினைவாகவும் தோன்றுவது மனித இயல்பு. கணவனும் மனைவியும் இந்த வேலையில் இறங்கினால் ஒரு விதி கட்டாயம் வேண்டும்: ஒருவர் பொருளில் மற்றவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கடோபநிஷத்தில் வாஜசிரவஸ் தம் உடைமைகளையெல்லாம் வேள்வியில் தானம் செய்கிறார். அவர் கொடுத்த பசுக்களோ மேயவும் வலுவற்ற, பால் வற்றிய கிழட்டுப் பசுக்கள். அதைக் கண்டு பொறாத சிறுவன் நசிகேதன், ‘என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?’ என்று தந்தையைக் கேட்கிறான். அந்தக் கேள்வியே அவனை எமனுடைய வாசல் வரை கொண்டு சென்றது. நமக்கு உதவாததைத் தள்ளிவிடுவது தானமன்று என்பதை ஒரு சிறுவன் உணர்ந்திருந்தான். கிழிந்த புடவையையும் கைப்பிடி உடைந்த குக்கரையும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பும்போது நாம் அவனை நினைக்க வேண்டும்.

ஆகவே கொடுப்பவற்றைப் பழுது பார்த்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். புடவைகளைத் துவைத்து மடித்தோம். பிரஷர் குக்கர்களுக்குப் புதிய கேஸ்கட் மாற்றினோம். என் டைரிகள் பழைய காகிதக் கடைக்குப் போயின. முதல் ஆண்டு டைரியை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து என் மனைவியே அண்டாவைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் திருவிழா நாள்களில் அன்னதானம் நடக்கும். பாத்திரம் போதாமல் வாடகைக்கு எடுப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அண்டாவைப் புளியிட்டுத் துலக்கி, ஈயம் பூசச் செய்து, ஒரு வியாழக்கிழமை கோயிலில் ஒப்படைத்தோம்.

அடுத்த ஆடி வெள்ளியன்று அதில் கூழ் காய்ச்சினார்கள். வரிசையில் நின்ற பெண்மணி ஒருவர் விளிம்பில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபது ஆண்டுகள் பரணில் இருந்தபோது அந்தப் பெயரை யாரும் படித்ததில்லை.

பீரோவும் காகிதங்களும்

இந்தப் பகுதியில் என் தொழில் அனுபவத்தைச் சற்றுப் பயன்படுத்திக்கொள்கிறேன். முதியோர் வீடுகளில் மிகுதியாகக் குவிவது காகிதம். வேண்டாத காகிதத்தின் நடுவில்தான் வேண்டிய காகிதம் தொலைகிறது.

எல்லாத் தாள்களையும் ஒரு நாள் கூடத்தில் பரப்புங்கள். வீட்டுப் பத்திரம், உயில், வைப்புச் சான்றுகள், காப்பீட்டுப் பத்திரங்கள், ஓய்வூதிய ஆணை, ஆதார், பான் அட்டை, மருத்துவ அறிக்கைகளில் அண்மையவை ஆகியவற்றை ஒரே பையில் சேருங்கள். முடிந்துபோன பாஸ்புத்தகங்கள், காலாவதியான காசோலைத் தாள்கள், பழைய ஏடிஎம் அட்டைகள் ஆகியவற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டுக் கழியுங்கள். முழுதாக எடைக்குப் போடாதீர்கள். கணக்கு எண்ணும் கையொப்பமும் பிறர் கைக்குப் போகக் கூடாது.

வங்கியில் பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதியம் ஒன்றுக்கு மாற்றப்படுகிறது. அதன்பின்னும் உரியவரோ வாரிசோ தம் வங்கி வழியே கோரிப் பெறலாம். அத்தகைய கணக்குகளைத் தேடிப் பார்க்க ‘உத்கம்’ என்ற இணையவாசலை 2023 ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி தொடங்கியது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சில நிமிடங்களில் தேடித் தருவார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் ‘நாமினி’ பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர். அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். பங்கீடு பற்றி உங்களுக்கு விருப்பம் உண்டென்றால் உயில் எழுதுவதே வழி.

இவை அனைத்தையும் ஒரு நூறு பக்க நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். கடவுச்சொற்களையும் ரகசிய எண்களையும் மட்டும் அதில் எழுதாதீர்கள். கோயிலுக்கு நேர்ந்த காணிக்கை உண்டென்றால் அதையும் எழுதுங்கள். அதைவிட நன்று, இன்றே செலுத்திவிடுவது. பழநி உறையை நான் மறக்கவில்லை. அந்த ஒன்பதாயிரத்தைப் பின்னர் என் மருமகனும் நானும் எங்கள் பணத்திலிருந்து செலுத்தினோம். ஆனால் அது என் தமக்கையார் கையால் சென்ற பணம் அல்லவே!

நடக்கும் வழி

படுக்கையறையும் நடையும் குளியலறையும் எஞ்சின. இங்கே ஒழுங்கு என்பது அழகுக்காக அன்று, உயிருக்காக. கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி.

இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடி அணியாமல், விளக்குப் போடாமல், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்கள் நடக்கும் பாதையைப் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பன்னிரண்டு அடிகளில் இருந்தவை: ஒரு முக்காலி, தையல் இயந்திரம், நழுவும் மிதியடி, மின்விசிறியின் ஒயர், செய்தித்தாள் கட்டு. ஐந்தும் அன்றே அகன்றன. கட்டிலருகில் ஒரு சிறு இரவு விளக்கு வந்தது. குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தினோம். நாளும் எடுக்கும் பொருள்கள் யாவும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வந்துவிட்டன. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். மருந்துப் பெட்டியில் காலாவதியானவை 14 அட்டைகள் இருந்தன. அவற்றுள் இரண்டு, நான் அப்போது உட்கொண்டுவந்த மாத்திரைகளின் நிறத்திலேயே இருந்தன என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஒரு பெட்டி மட்டும்

எல்லாவற்றையும் துறந்துவிட்டோம் என்று சொன்னால் அது பொய். நாம் இல்லறத்தில் இருப்பவர்கள். நினைவுகளுக்கென ஆளுக்கு ஒரு பெட்டி வைத்துக்கொண்டோம். என்னுடையது என் தந்தையாரின் தகரப் பெட்டி. அதில் அவருடைய மூக்குக் கண்ணாடி, என் முதல் டைரி, சில கடிதங்கள் இருக்கின்றன. பெட்டி நிறைந்துவிட்டால், புதிதாக ஒன்றை வைக்க வேண்டுமானால் பழையதில் ஒன்றை எடுக்க வேண்டும். என் மனைவியின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வேலை முடிய ஏழு மாதங்கள் ஆயின. இடையில் மூன்று வாரம் சலித்துப்போய் நிறுத்தினோம். இன்றும் பரணில் ஒரு மூலை எஞ்சியிருக்கிறது. அதனால் குறையொன்றும் இல்லை. திருமலையிலேயே ஆண்டுக்கு நான்கு முறை செய்கிறார்கள். ஒருமுறை செய்ததோடு முடியும் பணி அன்று இது.

போகி நெருங்குகிறது. அன்று பலரும் எடுத்தாளும் அந்தப் பழமொழி போன்ற தொடர், உண்மையில் நன்னூல் என்ற இலக்கண நூலில் சொற்களின் வழக்கைப் பற்றிக் கூறும் விதி. வழக்கொழிந்த சொற்கள் உதிர்வதும் புதிய சொற்கள் சேர்வதும் மொழிக்குக் குற்றமன்று என்பது அதன் கருத்து. உதிர்தல் என்பது எரித்தல் அன்று. பிளாஸ்டிக்கையும் டயரையும் தெருவில் எரித்து, பச்சிளங் குழந்தைகளின் மூச்சில் புகையேற்றிவிட்டுத் தை மகளை வரவேற்க வேண்டாம். இந்தப் போகிக்கு ஓர் அலமாரித் தட்டை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, வேண்டியதை மட்டும் திரும்ப வையுங்கள். அது பூஜையறைத் தட்டாக இருந்தால் இன்னும் நன்று. நீங்கள் நாளும் வணங்கும் மூர்த்தி எது, எதற்கு என்ன நிவேதனம் என்பதை உங்கள் கையாலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

அந்தச் செப்பு வேல் இப்போது கனடாவில், பனி பெய்யும் ஓர் ஊரில், என் மருமகன் வீட்டுச் சிறு மாடத்தில் தனியாக இருக்கிறது. சுற்றிலும் வேறு படங்கள் இல்லை. அவன் ஒவ்வொரு செவ்வாயும் அதற்குப் பால் வார்க்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, அவனுடைய எட்டு வயது மகள் சொன்னாள்: “தாத்தா, இது எங்கள் பாட்டியின் முருகன்.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.